பாம்புப் படம் பார்த்துப் பயந்துபோன பாப்பாவுக்கு

பாப்பா,

அப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட பாம்புப் படத்தைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய மூன்று நிமிடக் குரல்பதிவைக் கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். கோபத்தில் பேசும்போது உன் குரல் அப்படியே அப்பத்தா குரல் மாதிரி இருக்கிறது, அதற்காகத்தான் இரண்டாவது தடவை. "62 வயதில் யார் உங்களைக் காட்டுக்குப் போய் வேலை பார்க்கச் சொன்னது" என்று கேட்டிருக்கிறாய். முதலில் அது காடு இல்லை, சிங்கப்பூர் ஓரத்தில் லிம் சூ காங்கில் ஒரு கீரைத் தோட்டம். இரண்டாவது, வாரத்தில் மூன்று காலைதான் போகிறேன், பதினொன்றரைக்கெல்லாம் கிளம்பிவிடுவேன். மூன்றாவதை எழுதித்தான் சொல்ல வேண்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நானும் விடமாட்டேன், கடைசியில் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார். தை பிறந்து பத்து நாள் ஆகியும் மழை விடவில்லை, இன்று தோட்டத்துக்கும் போகவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்று நடந்தது இதுதான். எருக்குழிக்குப் பக்கத்தில் பழைய கோணிச் சாக்குகளை அடுக்கி வைத்திருந்தோம், மழையில் நனைந்து கனத்துப்போய்க் கிடந்தன. மேலே இருந்த சாக்கின் மூலையை மண்வெட்டிக் காம்பால் (கையால் இல்லை, கேட்டுக்கொள்) தூக்கினேன். உள்ளேயிருந்து கறுப்பாக, எண்ணெய் தடவினாற்போலப் பளபளவென்று, ஒரு முழ உயரத்துக்கு எழுந்து படம் விரித்தது. ஊர்ப்பக்கத்து நல்லபாம்புக்குப் படத்தின் பின்னால் மூக்குக்கண்ணாடி மாதிரி அடையாளம் இருக்குமே, இதற்கு அது கிடையாது, சுத்தக் கறுப்பு. இங்கே இருக்கிற நாகம் விஷத்தைத் துப்பும், அதுவும் கண்ணைப் பார்த்துத் துப்பும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைதான். நல்லவேளையாக வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றாமல் வந்திருந்தேன். முகத்தைச் சாய்த்துக்கொண்டு, அப்படியே பின்பக்கமாக ஆறேழு அடி நடந்தேன். ஓடவில்லை. ஓடியிருந்தால் விழுந்திருப்பேன், பூட்ஸ் முழுக்கச் சேறு.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை, பாப்பா. அதுவும் நின்றது, நானும் நின்றேன். படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டு, நாக்கை இரண்டு தடவை நீட்டிப் பார்த்துவிட்டு, இறங்கி வாய்க்கால் பக்கம் போய்விட்டது. போகும்போது சாக்கின்மேல் உடம்பு உரசிய சத்தம், பட்டுப்புடவையை மடிக்கும்போது வருமே, அது மாதிரி இருந்தது. அப்போதுதான் போனை எடுத்தேன். அதனால்தான் படத்தில் வாலைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த வாலைப் பார்த்துத்தான் உன் அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சாக்குகளையெல்லாம் இப்போது தரையிலிருந்து தூக்கி இரும்புத் தட்டில் வைத்தாகிவிட்டது. எலியும் தவளையும் இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரத்தான் செய்யும். குற்றம் சாக்கை அங்கே போட்ட எங்களுடையது.

சரி, ஏன் போகிறேன் என்று கேட்டாய் அல்லவா. 28 வருடம் உட்லண்ட்ஸ் சிப் தொழிற்சாலையில் ஜன்னல் இல்லாத அறையில், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் சிப் பார்த்தேன். வெளியே மழையா வெயிலா என்பது ஷிப்ட் முடிந்து கதவைத் தள்ளும்போதுதான் தெரியும். குறை சொல்லவில்லை, உன் படிப்பு அந்த மைக்ராஸ்கோப்பில் வந்ததுதான். ஆனால் தோட்டத்தில் கங்கோங் கீரை அறுத்துக்கொண்டே நிமிர்ந்தால் எதிரே ஒரு உயிர் தன் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறது, நான் இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தோட்ட முதலாளி, எங்கள் தவுக்கே, கொடுக்கிற சம்பளம் பாதிச் சம்பளம்தான், மீதியை இவைதான் கொடுக்கின்றன. இதைச் சொன்னால் அப்பா, "வேலியில் போகிற ஓணானை மடியில் எடுத்துக் கட்டிக்கொண்டு, குத்துதே குடையுதே என்றால் யார் என்ன செய்வது" என்கிறார்.

அவருக்குத் தெரியாமலே சரியான பிராணியைத்தான் இழுத்திருக்கிறார். எங்கள் தோட்ட வேலியில் ஓணான் அப்படி இருக்கிறது! புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு தம்பி எங்களோடு வேலை செய்கிறார், முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு "அக்கா, நம்ம ஊர் ஓணான்!" என்று கத்தினார், ஏதோ சொந்தக்காரரை விமான நிலையத்தில் பார்த்த மாதிரி. அது அவர் ஊர் ஓணான் ஜாதிதான், ஆனால் இங்கே அதுவும் வந்தேறிதான். 1980களில் வடக்கே மலேசியா, தாய்லாந்துப் பக்கத்திலிருந்து வந்து பரவியது. நான் செம்பவாங் கடற்படைத் தளக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த காலத்தில், தாத்தா டாக்யார்டில் வேலை பார்த்தபோது, கொய்யா மரத்தில் நாங்கள் பார்த்தது இது இல்லை. பச்சைப் பசேலென்று, குச்சி மாதிரி நீள வாலோடு ஒன்று இருந்தது, கோபம் வந்தால் பழுப்பாக மாறும். திறந்தவெளித் தோட்டங்களில் இப்போது அதைக் காண்பது அரிது, புது ஓணான் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது என்கிறார்கள். காட்டோரம் போனால் இருக்கிறதாம். ஆண் ஓணான் தலை சிவந்து, கன்னத்தில் கறுப்புத் திட்டோடு வேலிக் கம்பியில் உட்கார்ந்து தண்டால் எடுப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனாலும் அந்தப் பச்சையை நினைத்துக்கொள்வேன்.

உடும்பு வேறு. மிளகாய்ப் பாத்திக்கு அந்தப்பக்கம் பெரிய வாய்க்காலில் முதலை மாதிரி நீந்திப் போகும், ஆறடி இருக்கும். புதுக்கோட்டைத் தம்பி முதல் வாரம் அதைப் பார்த்த பார்வையே சரியில்லை. "தம்பி, இங்கே கறி, கிறி என்று நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்" என்று சொல்லி வைத்தேன். கொல்வது இருக்கட்டும், தீனி போட்டாலே முதல் தடவைக்கு 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் போடலாம், 2020இல் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள். எனக்கு அது சரியென்றுதான் படுகிறது. குரங்குக்கு ஒரு தடவை ரொட்டி போட்டால் அடுத்த தடவை அது பையையே பிடுங்கும், அப்புறம் குரங்கின்மேல் புகார் கொடுப்பார்கள்.

உனக்குப் பிடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டு நடைபாதையில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்ததே, அதில் பச்சைப் புழு வந்தால் அப்பா குச்சியால் எடுத்துக் கீழே போடுவார், நீ அழுவாய், ஞாபகம் இருக்கிறதா? தோட்டத்தில் ஆறு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. தவுக்கேயிடம் கேட்டு ஓரத்தில் இருக்கும் ஒரு செடியைப் புழுவுக்கென்றே விட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் "ஆன்ட்டி, ஒன்றுதான்!" என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். மற்ற ஐந்தில் வரும் புழுக்களைப் பொறுக்கி இதற்குக் குடி மாற்றுகிறேன். பொரிந்த புதிதில் அது புழு மாதிரியே இருக்காது. பழுப்பும் வெள்ளையுமாக, ஈரமாக, இலைமேல் குருவி எச்சமிட்ட மாதிரி இருக்கும். எச்சத்தை எந்தக் குருவி தின்னும்? நான்கு தடவை தோல் உரித்த பிறகுதான் பச்சைக்கு மாறும், தோளில் கண் வரைந்த மாதிரி ஒரு கோலம் வேறு. அந்தச் சமயத்தில் விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டும், ஒரு வாடையும் வரும், எலுமிச்சை அழுகின மாதிரி. மைக்ராஸ்கோப்பில் பழகின கண் எனக்கு. தம்பிமார் யாருக்கும் தெரியாத எச்சமெல்லாம் எனக்குப் புழுவாகத் தெரிகிறது, ஒரு நாள் உண்மையான எச்சத்தையும் பொறுக்கிக் கொண்டுபோய் அந்தச் செடியில் வைத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள். கூட்டிலிருந்து வெளியே வருவது கறுப்பு வண்ணத்துப்பூச்சி, பின்சிறகில் வரிசையாக வெள்ளைப் புள்ளி. சிறகு காயும்வரை தொங்கிக்கொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். நான் பார்த்தது இதுவரை இரண்டுதான். மற்றதெல்லாம் நான் போகாத நாளில் வந்துவிடுகிறது, அந்த எரிச்சல் எனக்கு உண்டு.

தூக்கணாங்குருவி பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? நிலத்தின் எல்லையில் இருக்கிற மரத்தில் ஒரு கூட்டமே வீடு கட்டுகிறது. ஆண்தான் கட்டும். புல்லை நீள நாராகக் கிழித்து எடுத்து வந்து, முடிச்சுப் போட்டு, தொங்கவிட்டு, பாதி கட்டியதும் நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும், நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் கல்யாணம், அதற்குப் பிறகுதான் மீதி வீடு. பிடிக்கவில்லையென்றால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை ஆரம்பிக்க வேண்டியதுதான். இதை நான் புதுக்கோட்டைத் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, எங்களோடு லோரி ஓட்டுகிற சீனப் பையன், தமிழ் தெரியாவிட்டாலும் என் கையைப் பார்த்தே புரிந்துகொண்டு, "சேம் லைக் பிடிஓ லா ஆன்ட்டி" என்றான். பிடிஓ வீட்டையும் நாம் பதிந்த பிறகுதானே கட்டுகிறார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. உன் அப்பாவும் ஈசூனில் இந்த வீடமைப்புக் கழக (வீவக) வீட்டுக்குப் பதிந்துவிட்டுத்தானே தாத்தாவிடம் பெண் கேட்டு வந்தார். நான்கூட வந்து சமையலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தேன்.

காற்றில் விழுந்த பாதிக் கூடு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். உள்பக்கம் களிமண் உருண்டை அப்பியிருக்கிறது, காய்ந்து கல்லாகிவிட்டது. ராத்திரி வெளிச்சத்துக்கு மின்மினியைப் பிடித்து அதில் ஒட்டிவைக்கும் என்று அப்பத்தா சொல்வார். மின்மினியைத் தேடினேன், கிடைக்கவில்லை. கூடு காற்றில் ஆடாமல் இருக்கக் கனத்துக்கு வைக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்பத்தாவின் பதில்தான் பிடித்திருக்கிறது.

இந்த மாதங்களில் மின்கம்பி முழுக்கப் பஞ்சுருட்டான். பச்சை உடம்பு, நீல வால், கண்ணில் மை தீட்டிய மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பறக்கிற தேனீயைப் பறந்தே பிடித்து வந்து, கம்பியில் டப்டப்பென்று அடித்துத் தேய்த்து, கொடுக்கை எடுத்த பிறகுதான் விழுங்கும். நான் மீனில் முள் எடுப்பதைவிடச் சுத்தம். இவை குளிர்காலத்துக்கு வருகிறவை, மார்ச், ஏப்ரலில் போய்விடும். பக்கத்தில்தான் சுங்கை பூலோ சதுப்புநிலம், வேலை முடிந்து ஒரு தடவை தம்பிமாரோடு போய்ப் பார்த்தேன். அங்கே சேற்றில் கொத்திக்கொண்டிருக்கிற கரையோரப் பறவைகள் சைபீரியாவிலிருந்து வருகின்றன, அவற்றில் பல வகை இங்கே இளைப்பாறிவிட்டு இன்னும் தெற்கே உங்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போகும். உங்கள் மெல்பர்னுக்குப் பக்கத்தில் வெரிபீ என்ற இடத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளங்கள் இருக்கின்றனவே, அங்கேதான் ஆயிரக்கணக்கில் இறங்குமாம். நீ அங்கே போய் எட்டு வருடமாகிறது, ஒரு நாளாவது போய்ப் பார்த்தாயா? கழிவுநீர் என்றதும் மூக்கைப் பிடிக்காதே. உங்கள் ஊர் மேக்பை பறவை தலையில் கொத்த வந்தது என்று ஹெல்மெட்டில் கண் வரைந்துகொண்டு சைக்கிள் ஓட்டுகிற ஆள்தானே நீ. பயப்படுவதில் நீயும் அப்பாவும் ஒன்று.

இன்னொன்று, இருவாச்சி. பப்பாளி மரத்தில் பழுத்த பழத்தைக் குடைந்து தின்றுகொண்டிருந்தது, ஜோடியாக. மஞ்சள் அலகுக்கு மேல் இன்னொரு அலகு கவிழ்த்த மாதிரி. என் சின்ன வயதில் சிங்கப்பூரில் இது கிடையாது, நூறு வருடத்துக்கு மேல் இல்லாமல் போயிருந்து, 1994இல்தான் புலாவ் உபின் தீவில் ஒரு ஜோடி வந்து தென்பட்டது. மரப்பொந்துக்குள் பெண் போய் வாயிலைப் பூசி அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் வழியாக ஆண் ஊட்டும். தவுக்கேக்குப் பழம் போன வருத்தம், போனில் படம் எடுக்கிற சந்தோஷம், இரண்டும் ஒரே நேரத்தில். கடைசியில் தன் மகனை அழைத்துக் காட்டினார்.

தவுக்கே பற்றிச் சொல்லும்போது ரம்புத்தான் மர எறும்பு ஞாபகம் வருகிறது. மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பார்கள், நம் ஆட்கள் முசுறு என்பார்கள். சிவப்பாக, காலை அகட்டிக்கொண்டு, கடித்தால் அந்த இடம் எரியும். அது இலையைத் தைக்கிறதைப் பார்த்தேன். நாலைந்து எறும்பு ஒன்றையொன்று இடுப்பில் பிடித்துச் சங்கிலியாகி இரண்டு இலையை இழுத்து நெருக்குகின்றன, இன்னொன்று தங்கள் கூட்டத்துக் குஞ்சுப் புழு ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு இந்த இலைக்கும் அந்த இலைக்கும் மாற்றி மாற்றித் தொடுகிறது, புழு வாயிலிருந்து நூல் வருகிறது. குழந்தையை ஊசியாக வைத்துத் தையல். மருந்தடித்துவிடலாமா என்று ஒரு தம்பி கேட்டதற்குத் தவுக்கே கூடாது என்றுவிட்டார். தென்சீனாவில் ஆரஞ்சுத் தோட்டங்களில் பல நூற்றாண்டாக இதைக் கூட்டோடு கொண்டுவந்து மரத்தில் விடுவார்களாம், பூச்சியைத் தின்றுவிடும் என்று. அதனால் பழம் பறிக்கிற அன்று கடி வாங்குகிறோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு அம்மா ஆபத்தோடு விளையாடுகிறாள் என்று நினைக்காதே. ஆபத்தென்றால் அந்தக் காலம்தான். காம்பியர் (தோல் பதனிட உதவுகிற ஒரு செடி), மிளகுத் தோட்டங்கள் போட்ட நாளில் இந்தத் தீவில் புலி இருந்தது, தோட்ட வேலைக்குப் போனவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. 1930இல் சுவா சூ காங்கில் சுட்டதோடு அது முடிந்தது. நான் கீரை அறுக்கிற இடத்திலிருந்து சுவா சூ காங் எவ்வளவு தூரம்! விடிகாலையில் ஆள் இல்லாத அந்த ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது சில நாள் அதை நினைத்துக்கொள்வேன். அப்புறம் ஒரு கானாங்கோழி "க்ருவாக் க்ருவாக்" என்று கத்திக்கொண்டு, கரித்துண்டு மாதிரி நாலு குஞ்சைப் பின்னால் இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடும்.

கடைசியாக ஒரு சங்கதி, அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே. பொங்கலுக்கு முந்தின வாரத்திலிருந்து நம் வீட்டு நடைபாதைக் கொடிக்கம்பியில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியிருக்கிறது. பஞ்சு, நார், சிலந்தி நூல், யாரோ கிழித்துப்போட்ட ரசீதுத் துண்டு, எல்லாம் சேர்த்துச் சுருக்குப்பை மாதிரி தொங்குகிறது, வாசலுக்கு மேலே சின்னதாகத் தாழ்வாரம் வேறு. கட்டினதெல்லாம் பெண்தான், மஞ்சள் வயிற்றோடு, ஒரு விரல் அளவு. கழுத்து நீலமாக மின்னுகிற மாப்பிள்ளை எதிர் பிளாக் கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்ததில் இரண்டு முட்டை. இந்தப் பாம்புக்குப் பயந்த மனுஷர், ஓணான் பழமொழி சொன்ன மனுஷர், இரண்டு வாரமாக அந்தக் கம்பியில் ஒரு கைலிகூடப் போடவில்லை. இந்த மழையில் துணியெல்லாம் உன் அறையில் காய்கிறது, வீடு முழுக்க ஈர வாடை. பக்கத்து வீட்டுப் பிள்ளை சைக்கிளை நடைபாதையில் ஓட்டினால் வெளியே வந்து விரலை வாயில் வைத்துக் காட்டுகிறார். நேற்று நான் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்திவிட்டேன் என்று என்னோடு பேசவில்லை.

அதனால் அவரிடம் வேலையை விடச் சொல்லி அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்காதே. குஞ்சு பொரித்துவிட்டதா என்று கேள். மணிக்கணக்கில் பேசுவார்.

அம்மா